மாமன் சொல்ற மாட்டுக் கணக்கு

ஏம் மாப்ளே, காந்திபுரத்துல ஜிம்முக்குப் போறியாமா? காளையாட்டம் ஆகோணும்னு உங்கொம்மாகிட்ட வேற சொன்னியாம். ஆகு சாமி, நல்லா ஆகு. ஆனாக் கறிக்கடையில காளைக்கு என்ன மரியாதைன்னு மாமன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு ஆகு.

நம்ம காங்கயத்துக் கன்னு பொறக்கறப்ப செவலை. ஆறு மாசத்துல சாம்ப நிறத்துக்கு வந்துரும். பூச்சிக்காளையா உட்டீனா, திமிலும் முன்சப்பையும் பின்சப்பையும் கருகருன்னு ஆவும், கழுத்து தடிக்கும். அதையே காயடிச்சுட்டா வெளுத்து, சாதுவாகி, ஏருக்குத் தோள் குடுக்கும். பழையகோட்டைச் சந்தையில தூரத்துல நின்னே எது காளை, எது எருதுன்னு சொல்லிப்போடுவேன். மாட்டாஸ்பத்திரிக்காரங்க இதை ஆண் ஹார்மோன்ங்கறாங்க. அது தோலோட நிக்கறதில்ல, கறிக்குள்ளயும் எறங்குது.

காயடிக்காத காளை தின்ன தீனியெல்லாத்தையும் தசையாக்கும். வெரசா எடை ஏறும், கொழுப்பு கம்மி, தராசுல அதுதான் ராசா. ஆனா கனமெல்லாம் கழுத்துலயும் முன்சப்பையிலயும் போய் உக்காந்துக்கும். நல்ல வெலைக்குப் போறது முதுகுப் பக்கமும் பின்தொடையும். கறி கருஞ்செவப்பு, நார் முரடு, சவ்வு சாஸ்தி. காயடிச்ச எருதுக்குத் தசைக்குள்ள கொழுப்பு இழையோடும், பல்லுக்கு மெதுவா இருக்கும். கிடாரி அதுக்கும் ஒருபடி மேல. சீக்கிரமே பருவத்துக்கு வந்து கொழுப்புக் கட்டிரும், உடம்புதான் சின்னது. ஜப்பான்ல மட்சுசாகா மாட்டுக்கறின்னா தங்க வெலை. கன்னு போடாத கிடாரிக்கு மட்டுந்தான் அந்தப் பேரு. காளை அந்தத் திண்ணையில ஒக்காரவே முடியாது.

காளைக்கு இன்னொரு கெரகம், அதோட ரவுசு. ஒண்ணையொண்ணு அறியாத காளை ரெண்டை ஒரே லாரியில ஏத்திப் பாரு, விடிய விடிய முட்டிக்கும். தசையில இருக்கற சர்க்கரைச் சத்து அத்தனையும் அதுல தீர்ந்துரும். அறுத்த பொறவு அந்தச் சத்துதான் புளிச்சுக் கறியப் பதமாக்கோணும். பி.எச். 5.5 பக்கமா எறங்கோணும். 6-க்கு மேல நின்னுக்கிச்சுன்னா கறி கருத்து, மேல வறண்டு, வெரசாக் கெட்டுப்போவும். ஆபீசுல மேனேஜரோட மல்லுக்கட்டிப்போட்டு பொழுதோட வூட்டுக்கு வருவியே, அந்த மூஞ்சி மாதிரி.

அதுக்காகக் காளைன்னாலே ஆவாதுன்னு இல்ல. ஜெர்மனிக்காரனும் இத்தாலிக்காரனும் எளங்காளையத்தான் ஆசையாத் திங்கறான். ரெண்டு வருசம் முடியறதுக்குள்ள அறுத்துருவான், அதான் சூட்சுமம்.

நம்ம சர்க்காரோட குசும்பு இனிதான் இருக்கு. 1958-ம் வருசத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, அறுக்கோணும்னா மாடு பத்து வயசு தாண்டியிருக்கோணும், உழவுக்கும் இனவிருத்திக்கும் ஆவாதுன்னு சான்று இருக்கோணும். இல்லாட்டித் தீராத ஊனமாயிருக்கோணும். 1976-ல பசுவையும் கிடாரியையும் அறுக்கவே கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. ஆக, உலகமே நாக்கைச் சப்புக்கொட்டிக்கிட்டுத் திங்கற கிடாரிக் கறி இங்க கெடையாது. பத்து வருசம் ஏர் இழுத்து, வண்டி இழுத்து, வாரி எலும்பு தெரியற எருதுதான் சட்டிக்கு வருது. வயசு ஏற ஏற சவ்வு முறுக்கிக்கும். அப்பறம் காளையென்ன, எருதென்ன? மணிக்கணக்கா வேகவெச்சாத்தான் அந்தச் சவ்வு கரையும். தேங்காச்சில்லு போட்டு வறுக்கறதெல்லாம் அதுக்குப் பொறவு. கடிக்க முடியலைன்னு ஆக்கிப்போட்டவளைத் திட்டாத, 1958-ஐத் திட்டு.

நம்ம வூட்டுச் சட்டியில மாட்டுக்கறி ஏறாதுன்னு மீசைய முறுக்காத. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் அடிச்சுக் கும்புட்ட எருதை உங்கொப்பன்தானே பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டுனான்? தரகன் துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலைய முடிச்சுட்டு, "வளர்ப்புக்குத்தானுங்க"ன்னான். உங்கொப்பனும் நம்பறாப்பல தலையாட்டிப்போட்டு வந்துட்டான். பல்லு தேஞ்ச எருதை வாங்கிக் கேரளாக்காரன் என்ன பண்ணுவான், பாலா கறப்பான்?

ஜெர்சிக் கலப்புல பொறக்கற காளைக்கன்னு கதை இன்னும் மோசம். திமிலும் சிறுசு, ஏருக்கும் சரியா நிக்காது. பொறந்தன்னைக்கே கட்டுத்தரையில எல்லாரு மூஞ்சியும் தொங்கிரும். பெரும்பாலும் கிடாரியாவே பொறக்கற மாதிரி பிரிச்ச விந்து ஊசியே இப்ப வந்துருச்சு. ஆம்பளையாப் பொறந்தா இதுதான் மரியாதை, தெரிஞ்சுக்க.

அதனால, உன்ற சிநேகிதன் எவனாச்சும் கறி வாங்கக் கூப்புட்டா, காளையா எருதான்னு அப்பறம் கேக்கச் சொல்லு, மொதல்ல பல்லு எத்தனைன்னு கேக்கச் சொல்லு. "ரெண்டு பல்லுதானுங்க, எளசு"ன்னு கடைக்காரன் சொன்னா நம்ப வேண்டாம். சட்டப்படி அறுத்த மாட்டுல முக்காவாசி, எட்டுப் பல்லும் சேர்ந்து அஞ்சு வருசத்துக்கு மேல ஆனதாத்தான் இருக்கும்.