தேனீக்குப் பொய் வராது

பல்கலைக்கழகத்தில் மொழியியல் அறிமுக வகுப்பு என்றால் முதல் வாரமே தேனீ வந்துவிடும். பூ எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தேனீ ஆடியே சொல்லிவிடுகிறது என்பதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் கிடைத்தது. அடுத்து சார்லஸ் ஹாக்கெட் வருவார். மனித மொழியின் கூறுகளைப் பட்டியல் போட்டவர். கண்ணெதிரே இல்லாததைப் பற்றிப் பேச முடிவது, பேசுகிறவரே கேட்கிறவராகவும் மாற முடிவது என்று போகும் அந்தப் பட்டியலில் பிற்பாடு சேர்ந்த ஒன்று, பொய் சொல்லும் திறன். தேனீக்கு அது வராது.

இதை நடத்த ஏ.சி. அறையும் ஸ்லைடும் எதற்கு? பிள்ளைகளை அரூருக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். களப்பணி மார்க்கும் சேர்ந்து கிடைக்கும்.

அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் 269 பேர். மலையாளிப் பழங்குடி மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்ந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். குடிதண்ணீர்க் கிணற்றையும் விடவில்லை. சொல் இல்லாமலே கருத்தை உணர்த்துவது எப்படி என்று பாடநூலில் ஒரு அத்தியாயம் இருக்குமே, அதற்கு இந்தக் கிணற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அப்புறம் அரூர் வன அலுவலகம். அங்கே பெண்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அவர்களுடைய ஊர்க்கவுண்டரையே அடிக்க வைத்தார்கள். அடித்த கை யாருடையது, அடித்தது யார்? எழுவாய் எது என்று தேடும் இலக்கண மாணவன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகட்டும். பிறகு கைக்குழந்தைக்காரிகள் உட்பட எல்லோரையும் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு? சந்தனமரம் வெட்டியது.

பொய் சொல்லும் திறன் என்ற கூறுக்கு வருவோம். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசு. ஹாக்கெட் உயிரோடுதான் இருந்தார். யாராவது தந்தி அடித்திருக்கலாம். மனித இனத்தின் தனிச்சிறப்பு தர்மபுரி மாவட்டத்தில் ஐயத்துக்கிடமின்றி நிரூபணம் என்று.

எனக்கு ஆத்திரம் மூட்டுவது பொய்கூட இல்லை. பொய் சொல்வது ஆட்சியின் பழைய பிழைப்பு. பேசுகிறவர் கேட்கிறவராகவும் மாறலாம் என்கிறதே பாடம், அதுதான். அரூரில் யார் யாராக மாறினார்கள்? ஆபீஸ் பேசும், ஊர் கேட்கும். அதற்கு எதிர்த்திசையில் ஒரு சொல் நகரவில்லை. மலையாளிகள் பேசுவது தமிழ். மொழிபெயர்ப்பாளர் வேண்டாத தமிழ். செம்மொழி என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறோமே, அதே தமிழ். அதில் அந்தப் பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் போய்க் கேட்டன. அரசுக்கு மட்டும் விளங்கவில்லை. சி.பி.ஐ. விசாரணைக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட 1995 ஆயிற்று. தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2011 செப்டம்பர் 29. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மீதி 54 பேர் தீர்ப்பு வருமுன்பே செத்துப்போயிருந்தார்கள். அவர்கள் வரையில் அந்தப் பெண்கள் வாயே திறக்கவில்லை என்றுதான் கணக்கு.

தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். இன்னும் 12 வருடம். 2023-இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாச்சாத்திக்கே நேரில் போனார். தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். சம்பவம் நடந்து 31 வருடம் கழித்து.

பாடத்திட்டக் குழுவினரே, பரீட்சைக்கு ஒரே கேள்வி போதும்: வாச்சாத்தியில் எழுந்த அலறல் தர்மபுரி கலெக்டர் ஆபீஸை எட்டாமல் போனதற்கான ஒலியியல் காரணங்களை விளக்குக. விடைத்தாள் திருத்த அந்த மூன்று நாற்காலிகளில் இருந்தவர்களையே அழைக்கலாம்.