ஹைன்ரிஷ் வீட்டில் இல்லை

தனபால் கடன் கேட்டு வருகிறார். சாந்தி தெருக்குழாயடியில் சண்டை போடுகிறார். பெயரின் பொருளுக்கும் அதைச் சுமப்பவரின் வாழ்வுக்கும் உள்ள இந்தத் தகராறை ஒருவர் முறையாக ஆராய்ந்தாக வேண்டும். சொந்தக்காரர் பெயர் எதையாவது எடுத்தால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. ஆகவே, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் புழங்கிவரும் ஜெர்மன் ஆண்பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டேன்: ஹைன்ரிஷ்.

முதலில் எழுத்ததிகாரம். இப்பெயரின் கடைசி ஒலி 'ஷ'வும் இல்லை, 'ஹ'வும் இல்லை. நாக்கின் நடுவை மேலண்ணத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமல், காற்றை மட்டும் விட வேண்டும். ஐயமுள்ளவர்கள் ஒரு பூனையைச் சீண்டிக் கேட்டுத் தெளியலாம். தமிழில் இவர் ஹென்ரிச், ஹைன்ரிக், ஹைன்ரிஹ் என்று பல வேடங்களில் திரிகிறார். கிரந்தம் ஒவ்வாதவர்கள் ஐன்ரிக்கு என்று எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். எதையும் தாங்கிப் பழகிய பெயர் அது.

அடுத்து சொல்லதிகாரம். பழைய ஜெர்மனில் 'ஹைம்' என்றால் வீடு. 'ரீஹி' என்றால் ஆற்றல் மிக்க, ஆளுகிற. இரண்டும் சேர்ந்தபோது மகரம் ரகரத்தின் முன்னால் நிற்க மாட்டாமல் னகரமாகத் திரிந்தது. நன்னூல் எழுதிய பவணந்தியார் ஜெர்மனியில் பிறந்திருந்தால் இதற்கொரு நூற்பா கிடைத்திருக்கும். பின்பாதிச் சொல்லுக்கு லத்தீன் 'ரெக்ஸ்', வடமொழி 'ராஜன்' ஆகியவை பங்காளிகள். எனவே நம் தெரு ராஜாவுக்கும் ஹைன்ரிஷுக்கும் தூரத்து உறவு. கூட்டிப் பொருள் கொண்டால், 'வீட்டரசன்'.

இனிப் பொருளதிகாரம். அதாவது, வீட்டரசன் வீட்டில் இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பது.

919இல் ஜெர்மானியருக்கு அரசரான முதலாம் ஹைன்ரிஷுக்கு 'பறவை பிடிப்பவர்' என்று பட்டப்பெயர். அரசுரிமைச் செய்தியோடு ஆட்கள் தேடிவந்த நேரத்தில் அவர் பறவைகளுக்கு வலை விரித்துக்கொண்டிருந்தாராம். கர்ண பரம்பரைக் கதைதான். ஆனால் கதை கட்டியவர்களுக்கும் அவரை வீட்டுக்குள் உட்காரவைக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ஆய்வின் தலையாய சான்று ஜெர்மன் அரசர் நான்காம் ஹைன்ரிஷ். ஆயர்களை நியமிப்பது அரசரா போப்பா என்ற வழக்கில், 1076இல் போப் ஏழாம் கிரிகோரி இவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். விலக்கப்பட்ட அரசருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று உள்நாட்டுப் பிரபுக்கள் கிளம்பிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. 1077 ஜனவரியில், கடுங்குளிரில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, வட இத்தாலியில் போப் தங்கியிருந்த கனோசா கோட்டைக்கு வந்தார். கோட்டை மெட்டில்டா என்னும் சீமாட்டியுடையது. அரசர் வெறுங்காலோடு, கம்பளி உடுத்தி, மூன்று நாள் வாசலில் நின்றார். அதற்குப் பிறகே கதவு திறந்தது. இன்றும் ஜெர்மானியர் ஒருவர் காலில் விழப் போவதைக் 'கனோசாவுக்குப் போவது' என்கிறார்கள். திருச்சபையோடு மோதிய பிஸ்மார்க், கனோசாவுக்குப் போக மாட்டோம் என்று 1872இல் நாடாளுமன்றத்தில் முழங்கினார். அவர் பெயர் ஓட்டோ. அவரால் சொல்ல முடிந்தது.

வீட்டரசனின் இந்த நிலையைத் தமிழ் இலக்கணம் எப்போதோ கண்டுகொண்டது. இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள். அதையே ஆண்பாலாக்கி இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன். பட்டிமன்ற மேடைகளில் தேய்ந்துபோன சிலேடை என்று எனக்கும் தெரியும். ஆனால் மெட்டில்டா உள்ளேயும் ஹைன்ரிஷ் வெளியேயும் இருந்த நிலையை விளக்க வேறு விதி என் கைவசம் இல்லை.

சாக்சனி, பவேரியா என்று இரண்டு நாடுகளை ஆண்ட 'சிங்கம்' ஹைன்ரிஷ், பேரரசர் பார்பரோசாவைப் பகைத்து 1180இல் இரண்டையும் இழந்தார். நாடு கடத்தப்பட்ட சிங்கம் போய்த் தங்கிய இடம் மாமனார் நிழல். மாமனார் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி. அந்தப் பெயரும் ஹைன்ரிஷேதான், ஆங்கில உடுப்பில்.

ஜெர்மன் கவிஞர் ஹைனே பிறந்தபோது பெயர் ஹாரி. 1825இல் ஞானஸ்நானம் பெற்று ஹைன்ரிஷ் ஆனார். 1831இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்து, 1856இல் அங்கேயே மறைந்தார். ஒரே ஆளிடம் பெயரை மாற்றிப் பார்த்த இதைவிடத் துல்லியமான சோதனையை எந்த ஆய்வுக்கூடமும் செய்துவிட முடியாது. ஹாரியும் ஹென்றியின் செல்லப்பெயர்தானே என்று கேட்கும் வாசகர் அடுத்த பத்திக்குப் போகலாம்.

தாவரங்களும் தப்பவில்லை. 'நல்ல ஹைன்ரிஷ்' என்றொரு கீரை உண்டு. தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரையே லத்தீனில் பதிவுசெய்தார். ஆல்ப்ஸ் குடிசைகளின் சுவரோரத்திலும் எருக்குழிப் பக்கத்திலும் செழிக்கும். சுவருக்கு வெளிப்புறம்.

எதிர்ச்சான்றை மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. துரிங்கியாவில் ராய்ஸ் என்றொரு அரச குடும்பம். பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷிடம் கொண்ட நன்றியால், பிறக்கும் ஆண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயரிட்டது. நாடாளாதவர்களுக்கும் எண் உண்டு. மூத்த கிளையில் நூறுவரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றில் தொடங்குவது வழக்கமாக இருந்தது. இளைய கிளை நூற்றாண்டுக்கு ஒருமுறை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பந்தியே எழுந்து வந்திருக்கும். இங்கேயாவது வீட்டரசர்கள் வீட்டில் இருந்தார்களே என்று மகிழ்ந்தேன். எழுபத்திரண்டாம் ஹைன்ரிஷ் 1848 புரட்சியில் பட்டத்தைத் துறந்து வெளியேறினார் என்று படித்ததும் என் கொள்கைக்கு உயிர் வந்தது.

செல்வாக்கைப் பற்றிச் சுருக்கமாக. இடைக்காலத்தில் ஹைன்ரிஷும் கொன்ராடும் அரசர் பெயர்கள் என்பதால் ஊரெல்லாம் அவற்றையே வைக்க, அவற்றின் குறுக்கங்களான 'ஹின்ஸ், குன்ஸ்' என்பதற்கு நம் குப்பன், சுப்பன் என்று பொருளாகிவிட்டது. இன்னொரு குறுக்கமான ஹைன்ஸ், 1920களில் ஜெர்மனியில் கொடிகட்டிப் பறந்தது. குடும்பப் பெயராகக் கடல் கடந்து தக்காளி சாஸ் பாட்டிலிலும் ஏறிக்கொண்டது. இன்றைய ஜெர்மன் பெற்றோருக்கு ஹைன்ரிஷ் தாத்தா பெயர். பிள்ளைக்கு ஹென்றி என்றோ ஆன்ரி என்றோ வைக்கிறார்கள். சொந்தப் பெயரே வெளிநாடு போய்த் திரும்பினால்தான் மதிப்பு. நாஜித் தலைவர் ஹிம்லரும் ஹைன்ரிஷ்தான், அந்தப் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே புரட்ட முடியாது, மடித்துவைக்கிறேன்.

கடைசிச் சான்று நம் கடற்கரையில் கிடைத்தது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மன் பாதிரிமார் இருவர். ஒருவர் சீகன்பால்கு, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, 1719இல் இங்கேயே மண்ணுக்குள் போனார். கூட வந்தவர் ஹைன்ரிஷ் புளூட்சௌ. போர்த்துகீசிய மொழியில் ஊழியம் செய்து, 1711இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டார். சீகன்பால்கு வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் ஹைன்ரிஷ் வீடு எது என்று விசாரித்து எனக்குச் சொல்லவும்.