எழுதுவதற்கு என்ன காசா பணமா?

அமெரிக்காவில் ஒரு வைன் பாட்டிலில் 'ரிசர்வ்' என்று பொன்னெழுத்தில் போட என்ன தகுதி வேண்டும்? அச்சகத்தில் பொன் மை இருந்தால் போதும். ஸ்பெயின்காரர்தான் பாவம், பிழைக்கத் தெரியாதவர். அங்கே சிவப்பு வைனுக்கு 'ரிசர்வா' பட்டம் கிடைக்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ அந்தச் சொல்லைக் கண்டுகொள்வதே இல்லை. போன மாதம் தொட்டியில் நுரைத்ததும் அங்கே ரிசர்வ்தான்.

பிரான்ஸ் மட்டும் சளைத்ததா? 'வியேய் வீன்' என்றால் முதிய கொடியின் வைனாம். எத்தனை வயதில் கொடிக்கு முதுமை வருகிறது? சட்டம் வாய் திறக்காது. கொடியிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கவா முடியும்!

சரி, திராட்சை ரகத்தையாவது நம்பலாமா? அமெரிக்காவில் 75 சதவீதம் மெர்லோ இருந்தால் பாட்டில் முழுக்க மெர்லோ என்றே பெயர். 12.5 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 14 வரை வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. எந்த மளிகைக்கடைக்காரராவது இப்படி எடை போட்டால் தராசோடு தெருவுக்கு இழுத்திருப்போம்.

இவ்வளவு தாராளமான சட்டத்தையும் மீறித் திருடினார்கள் தென் பிரான்ஸ் வியாபாரிகள். மலிவான மெர்லோவையும் சிராவையும் 'பினோ நுவார்' என்று சொல்லி அமெரிக்காவின் காலோ வைன் நிறுவனத்தின் தலையில் கட்டினார்கள். 'ரெட் பிசிக்லெட்' என்ற பெயரில் கடைக்குப் போக, சுமார் 1 கோடியே 80 லட்சம் பாட்டிலுக்கான சரக்கு! கிளாஸைச் சுழற்றி, மூக்கை நுழைத்து, செர்ரி வாசம், ஈரமண் வாசம் என்று உருகும் ரசிக சிகாமணிகளா பிடித்தார்கள்? இல்லை. அந்த வட்டாரத்தில் விளைவதைவிட விற்றது அதிகமாக இருக்கிறதே என்று கணக்கு பார்த்த அதிகாரிகள் பிடித்தார்கள். 2010இல் கார்க்கசோன் நீதிமன்றத்தில் வியாபாரிகள் தரப்பு வழக்கறிஞர் வைத்த வாதத்துக்குக் கோயில் கட்டலாம்: ஓர் அமெரிக்கர்கூடப் புகார் சொல்லவில்லையாம்! பறிகொடுத்தவன் கத்தாவிட்டால் திருட்டே நடக்கவில்லை. கிடைத்த தண்டனை, அபராதமும் நிறுத்திவைத்த சிறைவாசமும்.

பிஸ்கட் விற்கிறவர் உள்ளே என்ன போட்டார் என்று பொட்டலத்தில் எழுதியாக வேண்டும். வைன் பிரபுக்களுக்கோ ஐரோப்பா பல்லாண்டு காலம் விலக்கு கொடுத்தது. 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரானவற்றுக்குத்தான் பட்டியல் கட்டாயம். அதையும் கியூஆர் கோடுக்குள் பூட்டிக்கொள்ளலாம். கோட்டைப் படத்துக்கும் குடும்பச் சின்னத்துக்கும் லேபிளில் தாராளமாக இடம் இருக்கிறது; சேர்த்த அமிலத்தின் பெயருக்குத்தான் இடம் இல்லை. காசு கொடுத்தவர் போனைத் தூக்கிக்கொண்டு தேட வேண்டும்.

சட்டம் கேட்காத சொல்லைப் பெரிதாகப் போடுகிறார்கள். சட்டம் கேட்டதைக் கண்ணில் படாமல் வைக்கிறார்கள். குடித்தவருக்குக் கண் மறைப்பது இயற்கை. இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர்களுக்கு எதைக் குடித்துக் கண் மறைந்தது?