முழங்கால் உயரத்தில் ஒரு காலண்டர்: புது ஃபிளாட், பழைய ஃபிளாட் குறித்த ஆய்வுரை

சென்னையில் ஃபிளாட் வாங்குவோர் இரு மரபினர். செங்கல்லைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்போர் ஒரு மரபு. சுவரைத் தட்டிப் பார்த்தும் சுவருக்குள் ஓடும் குழாயைப் பற்றிக் கேட்காதோர் மற்றொன்று. இவ்வாய்வாளர் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருப்பவர், ஆகவே நடுநிலையாளர்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. புது ஃபிளாட்டில் ‘ஆயிரம் சதுர அடி’ என்பதற்கு விற்பவர் கொள்ளும் பொருள் வேறு, சோபாவை உள்ளே தூக்கி வருபவர் காணும் பொருள் வேறு. முன்னதில் மாடிப்படி, லிஃப்ட், வாட்ச்மேன் நாற்காலி எல்லாம் அடக்கம். கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் தெளிவுரை எழுதியும், பழைய பாடத்தையே இன்னும் ஓதுவர் புரோக்கர். ‘பீச்சுக்குப் பத்து நிமிடம்’ என்னும் தொடரும் அத்தகையதே. அது விடியற்காலை மூன்று மணிக்குரிய பத்து நிமிடம் என்க.

கட்டி முடியாத வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி; மலிவு வகைக்கு 1. பழைய வீட்டுக்கு அது இல்லை. புது வீட்டில் கட்டுமானக் குறை 5 ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டியவர் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டிலோ குறையும் சேர்த்தே கிரயம்.

ஆனால் மண் பழைய வீட்டில்தான். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அதில் ஆறு வீடு என்றால் ஆளுக்கு 400 சதுர அடி யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. இருபது மாடிக் கட்டடத்தில் நம் பங்கைத் தேட உருப்பெருக்கி வேண்டும்.

இனி கள ஆய்வு. சென்ற மே மாதம், மூன்றாம் மாடி, மறுவிற்பனை வீடு. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சுத்தம். படுக்கையறையில் ஒரு தினசரிக் காலண்டர் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தது. குனிந்து தேதி பார்க்கும் வழக்கம் எந்தக் குலத்திலும் இருந்ததாகச் சான்றில்லை. அதைச் சுற்றி இரண்டடிக்கு மட்டும் புது பெயிண்ட்.

“ஒண்ணுமில்ல சார், பசங்க கிறுக்கிட்டாங்க. காபி ஆறுது, எடுத்துக்கோங்க” என்றார் வீட்டுக்கார அம்மாள்.

பசங்கள் இருவரும் அமெரிக்காவில் வேலையில் இருப்பதை அவரே ஐந்து நிமிடம் முன்பு சொல்லியிருந்தார். காலண்டரைச் சற்று விலக்கினேன். விரலில் சுண்ணாம்பு பொரிந்து வந்தது. பெயிண்ட் எங்கே புதிதோ அங்கே ஓதம் என்பது இதனால் பெறப்பட்ட விதி. இவ்விதி புது ஃபிளாட்டுக்குப் பொருந்தாது. அங்கே எல்லாச் சுவரும் புது பெயிண்ட்.

புரோக்கர்கள் வீடு காட்டுவது பெரும்பாலும் கோடையில். புதிதோ பழையதோ, நவம்பரில் அடைமழை நாளாகப் பார்த்துப் போங்கள். காலண்டர் இருந்தால் தூக்கிப் பாருங்கள்.