நின்றே ஓடிய தலைவர்

எங்கள் டீம் லீடைப் போல ஓட்டத்தைப் புரிந்துகொண்டவர் ஓ.எம்.ஆர். நெடுகத் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஓடிப் புரிந்துகொள்கிறவர்கள் ஏராளம். ஓடாமலே புரிந்துகொள்ளத் தனி ஞானம் வேண்டும். அது தலைவருக்கு வாய்த்திருந்தது. (டீமில் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம். அப்ரைசல் முடியும்வரை அப்படித்தான்.)

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஜனவரி மராத்தானுக்கு எங்கள் நாலு பேர் பெயரையும் முழு தூரத்துக்குப் பதிவு செய்துவிட்டதாக அறிவித்தார். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைக்கிறவர்களுக்குத் தலைமைப் பண்பு தெரியாது. "சாஃப்ட்வேர் டெலிவரி எப்படியோ அப்படித்தான்பா இதுவும். அஜைல்ல போயிடலாம்" என்றார். மொத்தம் 24 வாரம், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்ப்ரிண்ட், ஆக 12 ஸ்ப்ரிண்ட். ஸ்ப்ரிண்ட் என்றால் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்றுதான் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படிப் பன்னிரண்டைக் கூட்டினால் 42.195 கிலோமீட்டர் வரும் என்ற கணக்கு, பாவம், அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்த 42.195-ஐயும் தலைவர் வேத வாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பத்து இருக்கைக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதற்காக வந்த நீளம் அது. "பார்த்தீங்களா, கிளையண்ட் கேட்டாங்கன்னு ஸ்கோப்பை இழுத்திருக்காங்க" என்றார். 1921-இல் அதையே நிரந்தரத் தூரமாக்கிவிட்டார்கள். அதை முடிவுசெய்த கூட்டத்தில் தலைவர் இல்லாமல் போனது மனிதகுலத்தின் கால்களுக்கு நேர்ந்த நஷ்டம்.

காலை ஐந்து மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரையில் ஸ்டாண்டப், அதாவது நின்றபடியே நடத்தும் தினசரிக் கூட்டம். நேற்று என்ன ஓடினாய், இன்று என்ன ஓடப்போகிறாய், என்ன தடை? மூன்றே கேள்வி, பதினைந்தே நிமிடம். அதுதான் விதி. விதியைவிட அன்பு பெரிது என்பதால் எங்களுடையது நாற்பது நிமிடம் நடக்கும். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் சிலர் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிப்பதற்காக அங்கே ஓடிப் பழகிக்கொண்டிருப்பார்கள். எங்கள் மூன்றாவது கேள்வி முடிவதற்குள் எங்களை நாலைந்து முறை கடந்துபோய்விடுவார்கள். அவர்களிடம் பலகை இல்லை, பாயிண்ட் இல்லை, குறிக்கோள் வாசகம் அச்சடித்த பனியன்கூட இல்லை. அவர்களைப் பார்த்து தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதற்குள் விடிந்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் விடிந்த பிறகு ஓடுவது உடம்புக்கு ஆகாது என்பதில் அவர் கண்டிப்பானவர். பிறகென்ன, பொங்கல், வடை, ஃபில்டர் காபி.

அவருடைய வீட்டில் ஷூ வைக்கவென்றே ஓர் அலமாரி உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு ஒரு ஜோடி, வேக ஓட்டத்துக்கு ஒன்று, பந்தயத்துக்கென்று கார்பன் தகடு வைத்தது ஒன்று. ஒரு கீறல் இல்லை, அடியில் ஒரு மணல்துகள் இல்லை. தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்த ஔவையார் எப்படி வியந்தாரோ, அப்படியே நானும் வியந்து நின்றேன். ஜலந்தரில் 1978-இல் 2 மணி 12 நிமிடத்தில் மராத்தானை முடித்த சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். அப்படி ஓர் அலமாரி இருந்திருந்தால் அவரும் ஓடவேண்டிய அவசியம் இருந்திருக்காது.

அஜைல் என்பதை ஆரம்பித்துவைத்தவர்கள் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் ஒரு பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 பேர். கருவிகளையும் நடைமுறைகளையும்விட மனிதர்களுக்கே மதிப்பு என்று தங்கள் அறிக்கையில் அவசரப்பட்டு எழுதிவிட்டார்கள். தலைவர் அதைச் சரிசெய்தார். நாலு மனிதர்களுக்கு ஆறு ஆப், ஒரு டிஜிட்டல் பலகை, ஒரு வாட்ஸ்அப் குழு, அந்தக் குழுவில் என்ன பேசலாம் என்று முடிவுசெய்ய இன்னொரு வாட்ஸ்அப் குழு. அறிக்கையோடு சேர்ந்த 12 கொள்கைகளில் ஒன்று, செய்யாமல் விடும் வேலையைப் பெருக்குவதும் ஒரு கலை என்கிறது. மற்ற பதினொன்றையும் பெருந்தன்மையோடு எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார்.

ஸ்டோரி பாயிண்ட் விஷயத்தில் அவர் காட்டிய நுட்பம் தனி. 1, 2, 3, 5, 8, 13 என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன் கஷ்டத்தைப் பொறுத்து மதிப்பெண். முதல் ஸ்ப்ரிண்டில் ஐந்து கிலோமீட்டருக்கு 3 பாயிண்ட் போட்டோம். நாலாவது ஸ்ப்ரிண்டில் அதே ஐந்து கிலோமீட்டர் 8 ஆகியிருந்தது. "ஆடி வெயில், ஆவணி மழை, கான்டெக்ஸ்ட் மாறுதில்ல?" என்றார். எங்கள் வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்ப்ரிண்டில் சேர்க்கும் பாயிண்ட், இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வரைபடம் மேலே மேலே போனது. ஒரு கிலோமீட்டர்கூட அதிகம் ஓடாமல் இத்தனை முன்னேற்றத்தை வேறு எந்தப் பயிற்சியாளர் காட்டியிருக்கிறார்? மராத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முதன்முதலாக ஓடிக்காட்டிய எலியுட் கிப்சோகே இன்னமும் தன் பயிற்சியை நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதிவைக்கிற ஆள். வரைபடம் எப்படி ஏறும்?

ஆனாலும் தலைவரின் உச்சம் அந்த முப்பது கிலோமீட்டர்தான். மராத்தானுக்குப் பழகுகிறவர்கள் வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம் ஓடுவார்கள், அதைப் படிப்படியாக முப்பதுவரை கொண்டுபோவார்கள். காரணம் உடம்பில் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். அங்கேதான் பலருக்குக் கால் இரும்பாகி, கண் இருட்டி, சுவரில் முட்டியது போல ஆகும். அதற்கு முன்பே கொழுப்பையும் எரித்து ஓட உடம்பைப் பழக்கவேண்டும், அதற்கு இடைவெளி விடாமல் மணிக்கணக்கில் ஓடவேண்டும். தலைவர் இந்தப் பெரிய வேலையைப் பலகையில் பார்த்தார், யோசித்தார், ஆறாக உடைத்தார். ஆளுக்கு ஆறு டிக்கெட், டிக்கெட்டுக்கு ஐந்து கிலோமீட்டர், நாளுக்கு ஒன்று. நடுவில் ஐந்து இரவுத் தூக்கம், பிரியாணி ஒன்று. சனிக்கிழமை ஆறாவது டிக்கெட்டும் பச்சையானபோது "முப்பது டன்!" என்று கை தட்டினார். சிறுகச் சிறுக டெலிவரி செய்வது என்றால் இதுதான். கல்லீரலுக்கு மட்டும் பலகையைப் பார்க்கும் உரிமை கொடுக்கப்படவில்லை.

ஸ்ப்ரிண்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டங்களில் யார் மீதும் பழி போடக்கூடாது என்பது மரபு. தலைவர் அதை எழுத்துக்கு எழுத்து காத்தார். 'நன்றாகப் போனது எது' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் சீட்டுகளில் பனியனின் நிறம் மட்டும் எட்டு முறை பாராட்டப்பட்டது. 'இன்னும் ஓடலாம்' என்று நான் ஒரு சீட்டு ஒட்டினேன். அது ஸ்பெசிஃபிக்காக இல்லை என்று எடுத்துவிட்டார்.

ஜனவரியில் பந்தய நாள் வந்தது. தலைவர் அன்று காலை நாலு மணிக்கே வந்து, ஓடுவதற்கு முன்னால் கடைசி ஸ்டாண்டப்பையும் நடத்தினார். முதல் பத்து கிலோமீட்டரில் அவரைப் பிடிக்கமுடியவில்லை. இருபதில் பிடித்தோம். இருபத்து நாலில் பாதை ஓரம் உட்கார்ந்திருந்தார். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. "பிளாக்கர்" என்றார். திட்டத்தைப் பிடித்துத் தொங்காமல் சூழ்நிலைக்கேற்ப மாறத் தெரிந்தவர் என்பதால் ஓர் ஆட்டோவை நிறுத்தினார். ஆட்டோக்காரர் பனியனைப் பார்த்துவிட்டு, "எங்க சார், முடியற எடத்துக்கா?" என்று கேட்டார். தலைவர் கொஞ்சம் யோசித்தது உண்மை.

நாங்கள் மூன்று பேரும் ஓடியும் நடந்தும் ஆறேகால் மணி நேரத்தில் முடித்தோம். முப்பதாவது கிலோமீட்டரில் எங்களுக்கும் சுவர் வந்தது. வாந்தி எடுத்தது நான் ஒருவன்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் தலைவர் பலகையைத் திறந்தார். 24 கிலோமீட்டர் முடிந்தது என்று பச்சை. மீதி 18.195 கிலோமீட்டர் அடுத்த ஆண்டு பேக்லாகுக்குப் போயிருந்தது, 13 பாயிண்ட். அந்த டிக்கெட் இப்போது என் பெயரில் இருக்கிறது.