அம்மாவைக் குணப்படுத்திய சிவப்பு மை

பெறுநர்: பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் தயாரிக்கும் மேன்மைதங்கிய குழுவினர்

பொருள்: ரிப்போர்ட்டட் ஸ்பீச் கேள்வியில் பறிபோன அரை மதிப்பெண்

ஐயா / அம்மா,

கொச்சி மட்டாஞ்சேரியில் டியூஷன் எடுப்பவள் எழுதிக்கொள்வது. எங்கள் பஜார் ரோட்டில் கொங்கணிக்காரர் சொன்னதைத் தமிழ்ச் சுமைக்காரர் குஜராத்தி சேட்டிடம் மலையாளத்தில் சொல்வார். ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் சேர்ப்பதே இங்கே பாதிப் பிழைப்பு. எங்கள் பிள்ளைகள் உங்கள் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்க வேண்டியவர்கள். வாங்குவதில்லை. சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிடுகிறார்களாம்.

தமிழில் ‘நாளைக்கு வர்றேன்னு சொன்னான்’ என்றால் முடிந்தது. மலையாளத்துக்கும் ஓர் ‘என்னு’ போதும். ஆங்கிலத்தில் ‘செட்’ வந்ததுமே ‘வில்’ ‘வுட்’ ஆகிறது, ‘டுமாரோ’ ‘த நெக்ஸ்ட் டே’ ஆகிறது, ‘ஹியர்’ என்று இங்கே நின்றவன் ‘தேர்’ என்று அங்கே போய்விடுகிறான். சூரியன் கிழக்கே உதிப்பதற்கு மட்டும் விலக்கு. (நம் அயற்கூற்றிலும் நாளை மறுநாளாகும், நான் தானாகும். ஆனால் ‘வருவேன்’ என்றவன் ‘வருவதாக’த்தான் சொல்வான், எதிர்காலம் எதிர்காலமாகவே இருக்கும்.)

ஓர் உதாரணம்: ‘வெளி’ என்ற இடத்துச் சலவைக்கூடமான தோபிகானாவில் துணி காய்கிறது. தூறல் விழுகிறது. ‘ஐயோ, மழை வருதுடி! துணிய எடு!’ என்று ஒரு தாய் கத்துகிறார். மகள் உங்கள் விதிப்படி எழுதுகிறாள்: ‘ஹர் மதர் எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ தட் இட் வாஸ் ரெய்னிங்.’ கஞ்சி போட்ட வேட்டியைப் பற்றிய பதைப்பு, மகள் காதில் விழுந்ததோ என்ற சந்தேகம், ‘டி’யில் இருந்த அதட்டல் எல்லாம் அந்த ‘வித் சாரோ’வில் அடக்கமாம். வாக்கியம் முடிவதற்குள் வேட்டி நனைந்திருக்கும்.

இந்த விதிகளைச் சொல்லித்தரும், ரென்னும் மார்ட்டினும் 1930-களில் எழுதிய ஆங்கில இலக்கணம் இன்னும் எங்கள் கடைகளில் விற்கிறது. அந்த பி.சி. ரென்தான் 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சிப்பாய்க் கதை எழுதிப் பேர் வாங்கியவர். தன் பாத்திரங்களை மேற்கோள் குறிக்குள் தாராளமாகப் பேசவிட்டார். அயற்கூற்றை நம் பிள்ளைகளுக்கு விட்டுப்போனார்.

எங்கள் ஜூ டவுனில் 1957-இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தில் அந்தக் காலத்தில் கூவித்தான் விலை பேசினார்கள். அங்கே உங்கள் ‘வுட்’டை உள்ளே விட்டிருந்தால் ஒரு மூட்டை நகர்ந்திருக்காது.

இனி வழக்குக்கு வருகிறேன். என் மாணவி ‘அம்மா செட் ஷி இஸ் சிக்’ என்று எழுதினாள். சொன்னது இன்னும் உண்மையாக இருந்தால் காலத்தை மாற்றாமல் விடலாம் என்று ஆங்கிலேயரின் இலக்கணப் புத்தகங்களே சொல்கின்றன. அவள் அம்மா இன்னும் காய்ச்சலில்தான் படுத்திருக்கிறார். திருத்தியவரோ சிவப்பு மையில் ‘வாஸ்’ போட்டு அவரைக் குணப்படுத்திவிட்டார். இத்தனை சுலபமான வைத்தியம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குக்கூடக் கைவரவில்லை.

அந்த அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தாருங்கள். ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் போட்டீர்களானால் தெருவில் ‘பரிசீலிக்கிறாங்களாம்’ என்று சொல்வேன். காலத்தைத் தொடமாட்டேன். அந்த ‘ஆம்’ எதற்கு என்று எங்கள் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
மட்டாஞ்சேரி