கரிசல் பங்குக்கு மாற்றலாகி வரும் சாமியாருக்கு

மே மாசக் கடிதம் வந்துவிட்டதா? பந்தல்குடிப் பக்கம் போட்டிருக்கிறார்களா? மனம் தளராதீர்கள். 'அந்தப் பங்குக்கு உங்களை மாதிரி ஒருவர்தான் வேண்டும்' என்று சொல்லியிருப்பார்கள். போன தடவை வந்தவரிடமும் அதையேதான் சொன்னார்கள்.

முதலில் பூகோளம். மதுரை மறைமாவட்டம் 1938-இல் திருச்சியிலிருந்து தனிக்குடித்தனம் வந்தது. 1953-இல் உயர்மறைமாவட்டம் ஆனது. பிறகு 1973-இல் பாளையங்கோட்டைக்கும் 1987-இல் சிவகங்கைக்கும் பாகம் பிரித்துக் கொடுத்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தால் போதும். கிளைக்கிராமத்துக் கிழவியிடம் போய், "பாட்டி, நீங்க எந்த மறைமாவட்டம்?" என்று கேட்டுவிடாதீர்கள். "நாங்க அந்தோணியார் கோயிலுய்யா" என்பார். அதற்கு மேல் அவரிடம் பதில் கிடையாது, தேவையும் இல்லை.

வண்டியில் ஒரு கருவேலங்குச்சி செருகி வையுங்கள். மழை பெய்தால் கரிசல் மண் டயரைக் கட்டிப்பிடித்து, மட்கார்டுக்குள் களியாக இறுகி, சக்கரத்தை நிறுத்திவிடும். பத்தடிக்கு ஒருதரம் இறங்கி நோண்ட வேண்டும். பூசைக்கு ஒருமணி நேரம் தாமதமாகப் போனாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள். வெள்ளை அங்கி கறுப்பாகிப் போய் நின்றால், 'மழையோடு வந்த சாமியார்' என்று உங்களுக்கு ராசி வேறு கட்டிவிடுவார்கள். மானாவாரிக்காரனிடம் இதைவிடப் பெரிய பட்டம் இல்லை.

அடுத்தது பங்குப் பேரவை. திருச்சபைச் சட்டம் 536-இன்படி பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. இதை முதல் கூட்டத்திலேயே வாசித்துக் காட்டலாம். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு கொடியேற்றத்துக்கு எந்தத் தெரு கயிறு பிடிப்பது, சப்பரம் எந்த முக்கில் திரும்புவது, அசனத்துக்கு எத்தனை ஆடு என்று அவர்களே முடிவுசெய்து, "சாமி என்ன சொல்றீக?" என்று கேட்பார்கள். அப்போது நீங்கள் ஆலோசனை சொல்லலாம்.

ஆண்டறிக்கைப் படிவத்தில் 'கத்தோலிக்கர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். வீடுவீடாகப் போய் எண்ணினால் பாதி வீட்டில் பூட்டுத் தொங்கும். திருப்பூர், கோயம்புத்தூர், சிவகாசி. அசனத்தன்று இலையை எண்ணிக்கொள்ளுங்கள். ஆயர் இல்லம் திருப்தி அடையும்.

உங்களைத் தூங்கவிடாத சாமான் பீரோவில் இருக்கிறது: ஞானஸ்நானப் பதிவேடு. அதைப் பத்திரமாகப் பேணச் சொல்வது சட்டம் 535. கரையானுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. புரட்டிப் பாருங்கள். ஏட்டில் அருளானந்து என்று இருப்பவர், பள்ளிச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் முனியாண்டியாக இருப்பார். மோசடி என்று குதிக்காதீர்கள். 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், தாலுகா ஆபீசுக்கு ஒரு பெயர். மேய்ப்புப்பணி பற்றிய கருத்தரங்குகளில் இந்தப் பாடத்தை ஏனோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வைக்கிறார்கள்.

ஒருநாள், மகள் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கக் கடிதம் கேட்டு ஒருவர் வருவார். நீங்கள் அவர் பேரைக் குறித்துக்கொண்டு ஏட்டில் தேடினால் அகப்படாது. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கத்தைத் திருப்பச் சொல்லி, கரையான் அரித்த ஓட்டைக்கு நேர்கீழே உள்ள வரியில் விரலை வைப்பார். அவங்க அய்யா சின்ன வயசில் காட்டிக் கொடுத்த அடையாளம்.

"ரெண்டு பேரும் நாந்தேன் சாமி."

மறுபேச்சுப் பேசாமல் கடிதம் எழுதிக் கொடுங்கள். முத்திரை மைப்பெட்டி காய்ந்து கிடக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள்.